பாக்குலா சர்வரை மேம்படுத்தும்போது கிளைக் கணினிகளையும் அன்றே மேம்படுத்த வேண்டுமா?

பாளையங்கோட்டை அலுவலகத்தின் பாக்குலா பேக்கப் சர்வரை 9-ஆம் பதிப்பிலிருந்து 13-க்கு உயர்த்தும்போது, தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் கிளைகளின் கணினிகளையும் அதே நாளில் உயர்த்தியாக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. பேக்கப் பணிகளை நிர்வகிக்கும் டைரக்டரும், தரவைச் சேமிக்கும் பின்னணி நிரலான ஸ்டோரேஜ் டீமனும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும். கிளைக் கணினிகளில் ஓடி, அவற்றின் கோப்புகளை அனுப்பும் ஃபைல் டீமன் அவ்விரண்டையும்விடப் பழையதாக இருக்கலாம், புதியதாக இருக்கக் கூடாது. ஆகவே வள்ளியூரில் யாரேனும் ஆர்வக்கோளாறில் முந்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவனம் முழுவதும் கேட்டலாக் எனும் தரவுத்தளத்தில் இருக்கட்டும். எந்தக் கோப்பு எந்த வால்யூமில் (பேக்கப் எழுதப்படும் சேமிப்பு அலகு) உள்ளது என்ற விவரமெல்லாம் அதில் இருப்பதாலும், அதன் அட்டவணை அமைப்பு இவ்விரு பதிப்புகளுக்கிடையே மாறியிருப்பதாலும், ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்கள் (பேக்கப் பணிகள்) முடிந்தபின் டைரக்டரை நிறுத்தி, கேட்டலாக்கையும் கான்ஃபிகரேஷன் கோப்புகளையும் வேறொரு டிஸ்கில் நகலெடுத்துவிட்டே மென்பொருளை மாற்ற வேண்டும். பின்னர், உடன் வரும் அட்டவணை மேம்பாட்டு ஸ்கிரிப்டை ஓட்டாவிட்டால் டைரக்டர் எழும்பாது. பெரிய கேட்டலாக்கில் இதற்கு நெடுநேரம் பிடிக்கலாம் என்பதால், பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளை அறவே தவிர்த்துவிடுங்கள்.

பிறகு பாக்குலாவின் கட்டளைத் திரையான பீகன்சோலில் (bconsole) 'ஸ்டேட்டஸ் கிளையன்ட்' (status client) கொடுத்தால் ஒவ்வொரு கிளையின் பதிப்பும் தெரியும். பழைய பேக்கப்பிலிருந்து ஒரு கோப்புறையை மீட்டெடுத்துச் சரிபார்த்தபின், கிளைகளை ஒவ்வொன்றாக மேம்படுத்தலாம்.