Re: பாந்தர்ஸ் பிரைஸ் யங்கை விட்டுட்டு வேற குவாட்டர்பேக் தேடலாமா?

ப்ரோ, அமெரிக்கன் ஃபுட்பால் லீக் NFLல கரோலினா பாந்தர்ஸ் டீமோட குவாட்டர்பேக் (பந்தைப் போட்டு ஆட்டத்தை நடத்துறவர்) பிரைஸ் யங், 2023 டிராஃப்ட்ல (டீம்கள் புது பிளேயர்களை வரிசையா எடுக்குறது) நம்பர் 1 பிக், முதல் சீசன்ல டீம் 2 ஜெயிச்சு 15 தோத்துச்சு, ரெண்டாவது வருஷம் ரெண்டே மேட்ச்ல பெஞ்ச்ல உக்கார வச்சுட்டாங்க, இன்னும் எத்தனை நாள் பொறுக்குறதுன்னு கேட்டிருக்கீங்க. உங்க கடுப்பு புரியுது. ஆனா அவரை இப்ப விடவே கூடாதுன்னுதான் நான் சொல்வேன்.

அந்த முதல் வருஷம் பையனை 62 தடவை சாக் பண்ணாங்க (பந்தைப் போடுறதுக்குள்ள எதிர் டீம் பிடிச்சுத் தள்ளுறது), பாதி சீசன் தாண்டினதும் கோச் ஃப்ராங்க் ரைக்கையும் தூக்கிட்டாங்க, யங்கை எடுக்க ரிசீவர் (பாஸைப் பிடிக்கிறவர்) டி.ஜே. மூரையே சிகாகோ டீமுக்கு கொடுத்தாச்சு, அப்புறம் பந்தை யாருக்குத்தான் போடுவாரு சொல்லுங்க. 2024ல ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ்னு ரெண்டு கார்டு (குவாட்டர்பேக்குக்கு முன்னாடி நின்னு எதிராளியைத் தடுக்குறவங்க) வந்ததும் நடுவுல கொஞ்சம் இடம் கிடைச்சுது. பெஞ்ச்ல இருந்து திரும்பி வந்தப்புறம் அவர் காலைப் பாருங்க, முன்னெல்லாம் எதிராளி வர்றதுக்குள்ளயே பின்னாடி ஓடுவாரு, இப்ப அங்கயே நின்னு ஒரு ஸ்டெப் முன்னாடி வச்சு போடுறாரு. அட்லாண்டா கூட 2024 சீசனோட கடைசி மேட்ச்ல ஓவர்டைம்ல 44-38னு ஜெயிச்சாங்க, அதுல அவர் மூணு டச்டவுன் (எதிர் டீம் எல்லைக்குள்ள பந்தைக் கொண்டுபோய் எடுக்குற ஸ்கோர்) பாஸ் போட்டாரு, ரெண்டு டச்டவுன் அவரே ஓடி எடுத்தது.

பஃபலோ டீம் குவாட்டர்பேக் ஜாஷ் ஆலனும் 2018ல போட்ட பாஸ்ல 52.8 சதவீதம்தான் சரியா போய்ச் சேந்துச்சு. 2020ல ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை கூட்டிட்டு வந்தாங்க, 69.2 ஆச்சு. எல்லாரும் ஆலன் ஆயிட மாட்டாங்க, உண்மைதான். ஆனா யங்குக்கு நல்ல ரிசீவர் கொடுத்து, 2024ல வந்த அதே கோச் கனாலிஸ் கூட இன்னொரு முழு சீசன் ஆட விட்டுப் பாத்துட்டு முடிவெடுங்க ப்ரோ.