யூரியாப் பச்சை

ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

பாபநாசம் பக்கம் ஒரு சபையில் நான்கு வருடமாக வாலிபர் கூட்டம் நடத்துகிறேன். வெள்ளிதோறும் உபவாச ஜெபம், ஒரு வருடத்தில் வேதத்தை முடிக்க அட்டவணை, வருகைப் பதிவேடு எல்லாம் உண்டு. 11 பேராக இருந்தது 40-ஐத் தாண்டிவிட்டது. என் கோபம் மட்டும் குறையவில்லை. போன மாதம் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கத்திவிட்டேன். நான் வளரவே இல்லையா? எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருக்கவா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

சம்பா நட்ட ஒரு மாதத்தில் உங்கள் ஊர் வயல்களைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வயலை விஞ்ச வேண்டும் என்று மேலுரத்தில் யூரியாவை அள்ளி வீசியவருடையது கரும்பச்சையாக நிற்கும். பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் தேடி வருவது அந்த வயலைத்தான். மழைக்காற்றில் முதலில் சாய்வதும் அதுதான். எங்கள் அப்பா ஒரு வருஷம் அப்படிப் போட்டுவிட்டு, களத்தில் தூற்றும்போது பதர் பறந்ததைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

சபையிலும் அந்தப் பச்சை உண்டு. 40 பேர் என்பது அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கலாத்தியர் 5-ல் பவுல் சொல்லும் ஆவியின் கனியில் எண்ணிப் பார்க்கக்கூடியது எதுவும் கிடையாது. நீடிய பொறுமை, தயவு, சாந்தம் எல்லாம் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அதற்காகச் சும்மா இருப்பதா? ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. தூர்வாரியவர் தண்ணீரை உண்டாக்கியதும் இல்லை. ஜெபத்தையும் வேதவாசிப்பையும் நான் தூர்வாரும் வேலையாகத்தான் பார்க்கிறேன். நாம் தடுமாறுவது, மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காவிரியே நான்தான் என்று நினைக்கும்போது.

இது பழைய வழக்கு. ரோமாபுரியில் கிறிஸ்தவர்களின் மெத்தனத்தைப் பொறுக்காமல், மனிதன் மனது வைத்தால் பாவம் இல்லாமல் வாழ முடியும் என்றார் பெலாகியுஸ் என்ற பழைய காலத்துப் போதகர். மோசமான ஆள் இல்லை, மிகவும் ஒழுங்கானவர். கிருபை இல்லாமல் அந்த மனதே வராது என்று வட ஆப்பிரிக்க பிஷப் அகுஸ்தீன் எதிர்த்தார். 418-ல் கார்த்தேஜ் நகரில் பிஷப்புகள் கூடிய சங்கம் பெலாகியுஸின் போதனையைத் தள்ளியது. ஆனால் 1,600 வருடம் கழித்தும் நம் அட்டவணைகளில் அவர் உட்கார்ந்திருக்கிறார். (என் டைரியிலும் பல வருடம் இருந்தார். உபவாச நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிடுவேன்.)

மாற்கு 4-ல் விதைத்தவன் தூங்கி எழுகிறான். பயிர் ‘அவனுக்குத் தெரியாதவிதமாய்’ வளர்கிறது. பிரசங்கங்களில் விதையைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன், அந்தத் தூக்கத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. உங்கள் வளர்ச்சியை நீங்களே தினமும் பிடுங்கிப் பார்த்தால் வேர் எப்படிப் பிடிக்கும்?

கூட்டத்தை விட வேண்டாம். பதிவேட்டை மட்டும் மூன்று மாதம் மூடி வையுங்கள்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.