கட்டியை விடுங்கள், பி.பி.யைப் பிடியுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை தூக்கும் வேலை. விலாவுக்குக் கீழே வலி என்று ஸ்கேன் எடுத்தேன். இரண்டு சிறுநீரகத்திலும் நிறைய நீர்க்கட்டிகள், நீளம் 15 செ.மீ. என்று வந்திருக்கிறது. கிரியாட்டினின் 1.3, பி.பி. 150/96. அப்பாவுக்கும் இதே நோய்தான். சிறுநீரகம் கெட்ட பிறகுதான் தெரிந்தது, இப்போது டயாலிசிஸ். ஆபரேஷன் செய்து கட்டிகளை எடுத்துவிடலாமா? 8 வயது மகளுக்கும் வருமா?

பதில்: அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் பிள்ளை கையில் இந்த ரிப்போர்ட் வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. இது பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய். ஆனால் உங்கள் கிரியாட்டினினையும் வயதையும் வைத்துக் கணக்குப் போட்டால், சிறுநீரகம் இன்னும் 70 சதவீதம் அளவுக்கு வேலை செய்கிறது. அப்பாவுக்குக் கிடைக்காத காலம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

ஆபரேஷன் வேண்டாம். பெரிய கட்டி ஒன்று தாங்க முடியாத வலி கொடுத்தால் ஊசி வழியாகவோ லேப்ராஸ்கோப்பி மூலமாகவோ அதன் நீரை எடுப்பதுண்டு. அது வலிக்குத்தான், சிறுநீரகத்தின் வேலைத்திறன் அதனால் அதிகமாகாது. நூற்றுக்கணக்கான சிறு கட்டிகளை எடுத்து முடிக்கவும் முடியாது.

உங்கள் ரிப்போர்ட்டில் என்னைக் கவலைப்பட வைப்பது அந்த 150/96. டெல்மிசார்டான், லோசார்டான் அல்லது ராமிப்ரில் வகை மாத்திரையில் ஒன்றைத்தான் இந்த நோய்க்கு முதலில் தருவோம். முதல் இரண்டும் ஒரு வகை, ராமிப்ரில் வேறு வகை. இரண்டு வகையையும் சேர்த்துத் தருவதில்லை. தொடங்கி இரண்டு வாரத்துக்குள் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். 50 வயதுக்குள், சிறுநீரகம் ஓரளவு நன்றாக இருப்பவர்களிடம் செய்து 2014இல் வெளியான ஆய்வில், பி.பி.யை 110/75 வரை இறக்கியவர்களுக்குக் கட்டிகள் வளரும் வேகம் குறைந்தது. தலைசுற்றல் இல்லாமல் தாங்கினால் உங்களுக்கும் அதுதான் இலக்கு. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் 2021இல் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்த ஊழியர் வந்தால் சிறுநீரகக் கட்டி இருப்பதையும் சொல்லுங்கள்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். களிக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும் கருவாடும் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். களி தாராளமாகச் சாப்பிடுங்கள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். போர் தண்ணீரை விட ஒகேனக்கல் குடிநீர் நல்லது: நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், சிறுநீரகம் தளர்ந்தால் அதை வெளியேற்றுவதும் குறையும்.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்த வலிக்கு இதுவரை என்ன போட்டீர்கள்? கூடை தூக்குபவர்கள் சட்டைப்பையில் மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபினாக் வலி மாத்திரைப் பட்டையைப் பல முறை பார்த்திருக்கிறேன். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இன்றே நிறுத்துங்கள், பாராசிட்டமால் போதும். காய்ச்சலோடு வலி வந்தாலோ, சிறுநீர் சிவந்து போனாலோ வீட்டில் காத்திருக்காமல் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

டோல்வாப்டான் என்ற மாத்திரை கட்டி வளர்ச்சியைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. நோய் வேகமாக முன்னேறுபவர்களுக்குத்தான் தருவோம். நாளைக்கு ஐந்தாறு லிட்டர் சிறுநீர் போகும், ஈரல் சோதனையை மாதாமாதம் செய்ய வேண்டும். மண்டி வேலையோடு அது எளிதில்லை. உங்களுக்குத் தேவையா என்பதைச் சிறுநீரக மருத்துவர் கட்டிகளின் மொத்த அளவைப் பார்த்து முடிவு செய்வார்.

மகளுக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. இப்போது ஸ்கேனுக்கு அவசரப்பட வேண்டாம். வருடம் ஒரு முறை பி.பி. பாருங்கள், அது ஏறினால் மேலே பார்க்கலாம். குடும்பத்தில் யாருக்காவது மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அப்பாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பேச்சு வந்தால் நீங்கள் கொடுக்க முடியாது. தம்பியோ அக்காவோ முன்வந்தால், அவர்களுக்கும் கட்டி இல்லை என்று முதலில் ஸ்கேன் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.