கடன் இல்லாமல் வீடு வாங்குகிறோம்: குளோசிங் செலவு எவ்வளவு மிச்சம்?

கேள்வி: டெக்சாஸில் டாலஸுக்கு அருகே 410,000 டாலருக்கு ஒரு வீடு பேசி முடித்திருக்கிறோம். சேமிப்பும் பங்குகளை விற்ற பணமும் சேர்ந்து முழுத் தொகையும் கையில் இருப்பதால் வங்கிக் கடன் வாங்கவில்லை. "கடன் இல்லையென்றால் குளோசிங் செலவே கிடையாது" என்கிறார் நண்பர் ஒருவர். உண்மையா?

பதில்: பாதிதான் உண்மை. குளோசிங் என்றால் பணம் கைமாறி வீடு உங்கள் பெயருக்கு மாறும் கடைசிக் கட்டம். அதன் செலவு என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் இரண்டு வகைச் செலவுகள் இருக்கின்றன. கடன் கொடுக்கும் வங்கிக்காக ஆகும் செலவு ஒன்று. வீடு ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாறுவதற்கான செலவு மற்றொன்று. உங்களுக்கு முதல் வகை முழுவதும் மிச்சம். ஒரிஜினேஷன் ஃபீஸ் (கடன் ஏற்பாட்டுக் கட்டணம்), அண்டர்ரைட்டிங் (கடன் பரிசீலனை), பாயின்ட்ஸ் (வட்டியைக் குறைக்க முன்கூட்டியே கட்டும் பணம்), கிரெடிட் ரிப்போர்ட், வங்கி கேட்கும் அப்ரைசல் (வீட்டின் மதிப்பீடு), வங்கியின் பெயரில் எடுக்கும் டைட்டில் பாலிசி (சொத்துரிமைக் காப்பீடு), வங்கி வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் முன்கூட்டியே போட்டு வைக்கும் வரி, இன்சூரன்ஸ் பணம் எதுவும் இல்லை. கடனோடு வாங்குபவர்களுக்கு விலையில் 2 முதல் 5 சதவீதம் வரை ஆகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் பெரிய பங்கு இந்த வகைதான்.

இரண்டாவது வகை அப்படியே நிற்கும். சொத்துரிமையைச் சரிபார்த்து குளோசிங்கை நடத்தித் தரும் டைட்டில் கம்பெனியின் எஸ்க்ரோ ஃபீஸ், கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) பத்திரம் பதியும் கட்டணம், உங்கள் பெயரில் எடுக்கும் டைட்டில் இன்சூரன்ஸ், சர்வே, இன்ஸ்பெக்‌ஷன், ஹெச்ஓஏ என்ற வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அவர்களுடைய டிரான்ஸ்ஃபர் ஃபீஸ். இவற்றோடு உங்கள் ஏஜென்ட்டின் கமிஷனையும் சேர்த்துப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறை மாறிவிட்டது. வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்பே ஏஜென்ட் உங்களிடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்கியிருப்பார். அதில் எழுதியிருக்கும் கமிஷனை விற்பவர் கொடுக்கச் சம்மதித்தால் சரி. அவர் குறைவாகக் கொடுத்தால் மீதி உங்கள் தலையில்தான் விழும். அந்தத் தாளை இன்றே எடுத்துப் பாருங்கள்.

டெக்சாஸில் உங்களுக்கு ஒரு நிம்மதி உண்டு: பத்திரம் மாற்றுவதற்கென்று டிரான்ஸ்ஃபர் டாக்ஸ் கிடையாது. டைட்டில் இன்சூரன்ஸ் பிரீமியத்தையும் மாநில அரசே நிர்ணயிப்பதால் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாலும் அது மாறாது. எஸ்க்ரோ ஃபீஸைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த பிரீமியத்தைக் கட்டுவது நீங்களா விற்பவரா என்பது உங்கள் விற்பனை ஒப்பந்தத்தின் 6ஆம் பத்தியில் ஒரு கட்டத்தில் டிக் செய்யப்பட்டிருக்கும். விற்பவரிடம் பழைய சர்வே இருந்து, அதன்பின் இடத்தில் எதுவும் மாறவில்லை என்று அவர் டி-47 படிவத்தில் உறுதி கொடுத்தால், டைட்டில் கம்பெனி பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். புது சர்வே செலவும் மிச்சம்.

அப்புறம் சொத்து வரி. பலரும் தடுமாறுவது இங்கேதான், அதனால் கணக்குப் போட்டே காட்டுகிறேன். டெக்சாஸில் அந்த வருட வரியை வருடக் கடைசியில்தான் கட்டுவார்கள், ஜனவரி 31 கெடு. வருட வரி 7,300 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு 20 டாலர். செப்டம்பர் 15 அன்று குளோசிங் என்றால் ஜனவரி 1 முதல் செப்டம்பர் 14 வரை 257 நாள் விற்பவர் கணக்கு. 257 பெருக்கல் 20, ஆக 5,140 டாலர். இந்தத் தொகை உங்கள் கணக்கில் வரவாக எழுதப்பட்டு, நீங்கள் கொண்டுவர வேண்டிய பணம் அந்த அளவுக்குக் குறையும். பார்க்கிறவர்களுக்குத் தள்ளுபடி கிடைத்த மாதிரி இருக்கும். அந்தப் பணத்தில் சோபா வாங்கிவிட்டு ஜனவரியில் 7,300 டாலர் பில்லைப் பார்த்துத் திகைத்தவர்களை எனக்குத் தெரியும். கடன் இருந்தால் வங்கி மாதாமாதம் பிடித்து வைத்துக் கட்டியிருக்கும். உங்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. பில் பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போய் நின்றாலும், தாமதத்துக்கான அபராதம் உங்கள் வீட்டின் மேல்தான் ஏறும். குளோசிங் முடிந்த வாரமே கவுண்டி அலுவலகத்தில் முகவரியை மாற்றுங்கள், நீங்களே குடியிருக்கப் போவதானால் ஹோம்ஸ்டெட் என்ற சொத்து வரிச் சலுகைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி: அதே வீட்டைப் பற்றித்தான். கேஷ் கொடுத்து வாங்கும்போது டைட்டில் இன்சூரன்ஸும் இன்ஸ்பெக்‌ஷனும் கட்டாயம் இல்லையாமே. இரண்டையும் விட்டால் நல்ல தொகை மிச்சமாகுமே?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். கட்டாயம் இல்லை என்பது சரிதான். ஆனால் அதைக் கட்டாயமாக்கியது யார் என்று யோசியுங்கள். தன் பணம் போய்விடுமோ என்று பயந்த வங்கி. அந்த வங்கி இப்போது இல்லை, முழுப் பணமும் உங்களுடையது. அப்படியானால் அந்தப் பயம் உங்களுக்கல்லவா அதிகம் இருக்க வேண்டும்?

நம் ஊரில் வில்லங்கச் சான்று எடுக்காமல், மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டாமல் யாராவது முன்பணம் கொடுப்பார்களா? இங்கே அந்த வேலையைச் செய்வது டைட்டில் சர்ச். அதில் தப்பிப்போவதற்குத்தான் இன்சூரன்ஸ். போலிக் கையெழுத்துப் போட்ட பழைய பத்திரம், பங்கு கேட்டு வரும் வாரிசு, கூரை போட்ட கான்ட்ராக்டருக்குப் பாக்கி வைத்ததால் வீட்டின் மேல் அவர் போட்ட லீன் (பாக்கிக்கான பிடிப்புரிமை) என்று, நீங்கள் வாங்குவதற்கு முன்பே முளைத்த வில்லங்கங்களுக்கு அது காப்பு. ஒரே ஒரு முறைதான் பிரீமியம், நீங்களும் உங்கள் வாரிசுகளும் வீட்டை வைத்திருக்கும் வரை செல்லும். ஃபுளோரிடாவில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள்: முனிசிபல் லீன் சர்ச். முடிக்காத பெர்மிட்டும் நகராட்சி போட்ட அபராதமும் சாதாரண டைட்டில் சர்ச்சில் தெரியாமல் போகலாம்.

இன்ஸ்பெக்‌ஷனுக்குச் சில நூறு டாலர் ஆகும். அஸ்திவார விரிசலையோ தரைக்கடியில் உடைந்த கழிவுநீர்க் குழாயையோ வாங்கிய பிறகு கண்டுபிடித்தால் அதற்குப் பல மடங்கு ஆகும். வீட்டு இன்சூரன்ஸும் அப்படித்தான், கேட்க வங்கி இல்லாததால் நீங்களே கேட்டு எடுக்க வேண்டும். சாவி வாங்கும் நாளிலிருந்தே அமலில் இருக்கட்டும்.

அப்ரைசல் மட்டும் உங்கள் விருப்பம். அந்தப் பகுதியில் ஆறு மாதமாகச் சுற்றிப் பார்த்து விலை அத்துப்படி என்றால் விட்டுவிடலாம். வேறு மாநிலத்திலிருந்து வந்து இரண்டே வார இறுதியில் முடிவெடுத்தவர்கள் எடுத்துப் பார்ப்பது நல்லது.

இன்னொரு பாதுகாப்பும் உங்களுக்கு இல்லை. கடனோடு வாங்குபவர்களுக்குக் குளோசிங்குக்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்பே செலவுப் பட்டியல் கைக்கு வந்துவிட வேண்டும் என்று 2015 அக்டோபர் முதல் விதி. கேஷ் கொடுப்பவருக்கு அந்த விதி பொருந்தாது. கையெழுத்துப் போட உட்காரும்போது தாளை நீட்டினாலும் சட்டப்படி தப்பில்லை. அதனால் செட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட் என்ற அந்த வரவு செலவுப் பட்டியலின் வரைவை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள். நாங்கள் கடனில்லாமல் ஒரு காண்டோ (அடுக்குமாடி வீடு) வாங்கியபோது வந்த வரைவில், வங்கிக்கு ஆவணம் அனுப்பியதற்கான கூரியர் கட்டணம் என்று ஒரு வரி இருந்தது. எந்த வங்கி என்று கேட்டேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை, மறுநாள் வந்த வரைவில் அந்த வரியும் இல்லை. யாரும் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார்கள், பழைய ஃபைலில் இருந்து அப்படியே வந்திருக்கும். ஆனால் கேட்காமல் இருந்திருந்தால் பணம் போயிருக்கும்.

கேள்வி: பென்சில்வேனியாவா நியூயார்க்கா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். கேஷ் கொடுத்தால் எங்கே லாபம்?

பதில்: இரண்டும் இரண்டு விதம். பென்சில்வேனியாவில் டிரான்ஸ்ஃபர் டாக்ஸ் மாநிலத்துக்கு 1 சதவீதம், பெரும்பாலான ஊர்களில் உள்ளாட்சிக்கு இன்னொரு 1 சதவீதம். வழக்கமாக விற்பவரும் வாங்குபவரும் பாதிப் பாதி. 400,000 டாலர் வீட்டுக்கு உங்கள் பங்கு 4,000. கேஷாக இருந்தாலும் கடனாக இருந்தாலும் இது மாறாது. ஃபிலடெல்பியா நகருக்குள் உள்ளாட்சி வரி இதைவிட மிக அதிகம்.

நியூயார்க் நகரில் கேஷுக்கு உண்மையிலேயே பெரிய ஆதாயம் இருக்கிறது. அங்கே அடமானத்தைப் பதிவதற்கே வரி உண்டு. கடன் 500,000 டாலரோ அதற்கு மேலோ என்றால் காண்டோ வாங்குபவர் கட்டுவது கடன் தொகையில் 1.925 சதவீதம். 600,000 டாலர் கடனுக்கு 11,550 டாலர். கடன் இல்லையென்றால் அது பூஜ்யம். ஆனால் விலை பத்து லட்சம் டாலரைத் தொட்டால் மேன்ஷன் டாக்ஸ் வாங்குபவர் தலையில், 1 சதவீதத்தில் தொடங்கி 3.9 வரை ஏறும். கேஷ் என்பதால் அதில் சலுகை கிடையாது. விலை அந்த எல்லைக்குப் பக்கத்தில் நின்றால் 999,000 என்று பேசிப் பாருங்கள்.

கேள்வி: வீட்டை விற்பவர் எச்1பி விசாவில் இருந்து இந்தியா திரும்பிவிட்ட தமிழர். நமக்குத் தெரிந்தவர்தான். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: அவசியம். விற்பவர் வரிச் சட்டப்படி வெளிநாட்டவர் என்றால், விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து 8288 படிவத்தோடு 20 நாளுக்குள் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பும் பொறுப்பு வாங்குகிற உங்களுடையது. நீங்களே குடியிருக்கப் போகும் வீடாக இருந்து விலை 300,000 டாலருக்குள் என்றால் பிடிக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் பத்து லட்சம் வரை 10 சதவீதம். இந்தப் பணம் விற்பவருக்குப் போக வேண்டியதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆனால் பிடிக்காமல் விட்டால் ஐஆர்எஸ் உங்களைத்தான் கேட்கும். அவர் அமெரிக்கக் குடிமகனாகிவிட்டுத் திரும்பியவர் என்றால் வெளிநாட்டவர் அல்ல. அதை எழுத்தில், கையெழுத்தோடும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணோடும் கொடுக்கச் சொல்லுங்கள். தெரிந்தவர் என்பதால் கேட்கக் கூச்சமாக இருந்தால், டைட்டில் கம்பெனியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா இந்தியாவிலிருந்து 150,000 டாலர் அன்பளிப்பாக அனுப்புகிறார். இங்கே வரி உண்டா?

பதில்: அப்பா அமெரிக்க வரிதாரர் இல்லை என்றால் உங்களுக்கு வரி இல்லை. ஆனால் வருடத்தில் 100,000 டாலருக்கு மேல் வருவதால் 3520 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அபராதம் அன்பளிப்புத் தொகையில் மாதத்துக்கு 5 சதவீதமாக 25 சதவீதம் வரை போகும். அங்கே அவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் வரம்பு ஒரு நிதியாண்டுக்கு 250,000 டாலர். குளோசிங்குக்குச் சில வாரங்கள் முன்பே பணம் உங்கள் கணக்கில் வந்து உட்காரட்டும்.

கேள்வி: முழுத் தொகையையும் வயரில் (வங்கிக்கு வங்கி நேரடிப் பணப் பரிமாற்றம்) அனுப்பச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதே. கடைசி நாளில் "கணக்கு எண் மாறிவிட்டது, இதில் போடுங்கள்" என்று டைட்டில் கம்பெனியின் பெயரிலேயே மின்னஞ்சல் வரும். லோகோ, கையெழுத்து எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். ஒப்பந்தம் போட்ட அன்று நேரில் வாங்கிய எண்ணுக்குக் கூப்பிட்டு, கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அவர்களைப் படிக்கச் சொல்லி உங்கள் தாளோடு சரிபாருங்கள். அனுப்பிய அன்றே மறுபடி கூப்பிட்டு, பணம் வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அந்த நிமிடமே உங்கள் வங்கியில் வயரைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள், எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார்த் தளமான ஐசி3யிலும் புகார் கொடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பணம் வேறு கணக்குகளுக்குத் தாவிவிடும்.