நேற்று மஞ்சள், இன்று கறுப்பு: வில்வித்தை கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பள்ளி அணியில் பதினொரு பேர், ரிக்கர்வ் வில் (முனைகள் முன்னோக்கி வளைந்த வில்) நான்குதான். வெள்ளிக்கிழமை 18 மீட்டரில் இலக்கின் நடு மஞ்சளுக்குள் குத்திய அம்புகள், திங்கட்கிழமை அதே வில்லில் வெளியே உள்ள கறுப்பு வட்டத்தில் போய் விழுகின்றன. கோச் ‘கவனம் போதாது’ என்கிறார். நான் செய்யும் தவறு என்ன?
– பத்தாம் வகுப்பு மாணவி, நாமக்கல்

பதில்: கவனத்தைக் குறை சொல்லும் முன் வில்லை அளந்துவிடுங்கள். பல கை மாறும் வில் நீங்கள் வைத்த நிலையில் திரும்பி வராது. அதற்கான பழியை மாணவி மேல் போடுவது நியாயமில்லை.

முதலில் பிரேஸ் ஹைட். நாணேற்றிய வில்லில் கைப்பிடியின் ஆழமான பள்ளத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம் அது. 66 அங்குல வில்லுக்கு 21 முதல் 22 செ.மீ., 68 அங்குலத்துக்கு 21.5 முதல் 22.5 செ.மீ. வைத்துத் தொடங்கலாம். குறைந்திருந்தால் நாணைக் கழற்றி, ஏற்கெனவே இருக்கும் முறுக்கின் திசையிலேயே நாலைந்து சுற்று முறுக்கி மறுபடி அளந்து பாருங்கள். ஒரேயடியாகக் குறைந்திருந்தால் யாரோ பெரிய வில்லின் நாணை இதில் மாட்டியிருக்கிறார்கள். நாணின் இரண்டு கண்ணியில் பெரியது மேல் லிம்புக்கு (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிதான் லிம்ப்). ஸ்ட்ரிங்கர் (நாணேற்ற உதவும் கயிறு) இல்லாமல் காலுக்கிடையில் வில்லை வளைத்து நாணேற்றினால் லிம்ப் திருகிப் போகலாம். அதைச் சரிசெய்வது கடினம்.

அடுத்தது சைட், அதாவது வில்லில் பொருத்திய குறிபார்க்கும் கருவி. தோழியின் முகமும் கையும் வேறு, அவள் வைத்த எண்ணும் வேறு. உங்கள் எண்ணை நோட்டில் எழுதிவைத்து, வில்லை எடுத்ததும் அந்த எண்ணுக்குக் கொண்டு வாருங்கள். ‘24 பவுண்டு’ என்று லிம்பில் எழுதியிருக்கும் இழுவிசை, நாணை 28 அங்குலம் இழுப்பவருக்கான கணக்கு. ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 2 பவுண்டு குறையும்.

பள்ளி அணிகளில் பலரும் கவனிக்காமல் விடுவது அம்பைத்தான். பொதுப் பெட்டியில் ஸ்பைன், அதாவது தண்டின் விறைப்பு, பல அளவில் கலந்து கிடக்கும். தண்டில் அச்சிட்ட எண் ஒன்றாக இருக்கும் ஆறு அம்புகளைப் பொறுக்கி, வேன் (அம்பின் வால் இறகு) பக்கம் 1 முதல் 6 வரை எழுதுங்கள். நாலைந்து சுற்றுக்கு எந்த எண் எங்கே குத்தியது என்று படம் போட்டுக் குறியுங்கள். எல்லாச் சுற்றிலும் 4 மட்டும் தனியே கீழே கிடந்தால், அதன் நாக் (நாணில் மாட்டும் பின்முனை) விரிசல் விட்டிருக்கிறதா, வேன் பெயர்ந்திருக்கிறதா பாருங்கள். ஆறும் சேர்ந்தே இடம் மாறினால் சைட்டோ பிரேஸ் ஹைட்டோ மாறியிருக்கிறது. ஆறும் நாலாபக்கம் சிதறினால், அப்போது கோச் சொன்னதைக் கேளுங்கள்.

கேள்வி: மகளுக்கு இடது முன்கை முழுக்கக் கன்றிப்போகிறது. ஆர்ம் கார்ட் (முன்கைக் காப்பு) போட்டும் தீரவில்லை.
– வாசகி, சேலம்

பதில்: முழங்கை முனை கீழ்நோக்கித் திரும்பியிருக்கிறது, நாண் போகும் வழியில் சதை நிற்கிறது. இடது உள்ளங்கையைச் சுவரில் ஊன்றச் சொல்லுங்கள். கையை அசைக்காமல் முழங்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்பினால், முழங்கை மடிப்புக் கோடு செங்குத்தாக நிற்கும். வில் பிடிக்கும்போதும் அதே நிலைதான். தினம் இருபது முறை, வில் இல்லாமல் செய்து பழகட்டும். பிரேஸ் ஹைட் குறைந்தாலும் நாண் கையில் அடிக்கும். துப்பட்டா, தொங்கும் கம்மல், முன்னால் விழும் பின்னல், தொளதொள சட்டைக்கை எதுவும் எய்யும் கோட்டில் நிற்கும்போது கூடாது.

கேள்வி: கார்பன் அம்பில் வேன் உரிந்துகொண்டே இருக்கிறது. ஃபோம் டார்கெட்டில் சிக்கினால் பிடுங்கவும் முடியவில்லை.
– பதினோராம் வகுப்பு மாணவர், மதுரை

பதில்: பழைய பசை மேல் புதிய பசை பிடிக்காது. மழுங்கிய கத்தியால் சுரண்டி, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தபின் விரல் படாமல் ஒட்டுங்கள். வேனின் இரு முனையிலும் ஒரு சொட்டு கூடுதலாக வைக்க வேண்டும், உரிவது முனையிலிருந்துதான்.

அம்பைப் பிடுங்க, ஒரு கை டார்கெட்டை அழுத்த, மறு கை தண்டை டார்கெட்டை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கட்டும். பின்னால் ஒருவரும் நிற்கக்கூடாது. எய்யும் முன் தண்டின் முன்பாதியில் குளியல் சோப்பைத் தேய்த்தால் ஃபோம் பிடிக்காது. பிடுங்கிய அம்பைக் காதருகே வைத்து மெல்ல வளையுங்கள். நொறுநொறு என்று கேட்டால் உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் எய்யும்போது சிதறி, வில் பிடித்த கையில்தான் ஏறும்.