பூர்வகுடி இசையமைப்பாளர் ஆப்பெரா எழுதினால் அது யாருடைய இசை?

"ஐரோப்பியரின் ஆப்பெராவையும் (பாட்டாலேயே நடத்தும் நாடகம்) சிம்பொனியையும் (பெரிய இசைக்குழுவுக்கான படைப்பு) கையில் எடுக்கும் பூர்வகுடி இசையமைப்பாளர்கள் சொந்த மரபைக் கைவிடுவதாக ஆகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. உங்கள் வீட்டிலும் வயலினோ பியானோவோ படிக்கும் பிள்ளை இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். இதே கேள்வியை என் மகளிடம் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் மெல்பர்னில் வசிக்கிறோம். 2019 ஜூன் மாதம் ஹேமர் ஹாலில் 'யூமரல்லா' கேட்கப் போயிருந்தோம். இயற்றியவர் டெபோரா சீத்தம் ஃப்ரெயிலன். முர்ரே ஆற்றங்கரைப் பூர்வகுடியான யோர்ட்டா யோர்ட்டா இனத்தைச் சேர்ந்த சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்) பாடகி. வடிவம் ரெக்வியம், அதாவது இறந்தவர்களுக்காகத் தேவாலயத்தில் பாடும் திருப்பலி இசை. அதில் அவர் நினைவுகூர்ந்த இறந்தவர்கள், விக்டோரியாவின் தென்மேற்கில் 1840களில் வெள்ளைக் குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையே தொடங்கிய நிலப்போரில் மாண்டவர்கள். பாடிய மொழி முழுக்க முழுக்க அந்தப் பகுதிப் பூர்வகுடிகளின் குண்டிஜ்மாரா. எனக்கு இசை இலக்கணம் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது பாடகர்களின் வாயை. மிஷன்களில், அதாவது கிறிஸ்தவ ஊழியர்கள் நடத்திய குடியிருப்புகளில், பூர்வகுடிப் பிள்ளைகள் தாய்மொழி பேசக் கூடாது என்று தடுத்த நாடு இது. அந்த நாட்டின் பெரிய இசைக்குழுவோடு பாடும் சேர்ந்திசைக் குழுவினர், பெரும்பாலும் வெள்ளையர்கள், அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக உச்சரித்துக்கொண்டிருந்தார்கள். என் மகளுக்கு அப்போது பதினோரு வயது. முடியும்வரை என் கையை விடவில்லை.

இந்த அம்மையாரின் கதையைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். பிறந்த மூன்றாவது வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு வெள்ளையர் வீட்டில் வளர்ந்தவர். 1939 பிப்ரவரியில் கமரகஞ்சா என்ற பூர்வகுடிக் குடியிருப்பின் மக்கள் நிர்வாகக் கொடுமை தாங்காமல் முர்ரே ஆற்றைக் கடந்து வெளியேறினார்களே, அதைத்தான் 'பீக்கன் சம்மர்' என்ற ஆப்பெராவாக எழுதி 2010இல் அரங்கேற்றினார். எழுதுவதற்காகத் தகவல் திரட்டும்போதுதான், அன்று ஆற்றைக் கடந்தவர்களில் தன்னைப் பெற்றவளின் தாய் தந்தையரும் இருந்தார்கள் என்று தெரியவந்தது. ஆப்பெரா வழியாகச் சொந்தப் பாட்டனாரிடம் போய்ச் சேர்ந்தவரிடம் மரபைப் பற்றி நாம் என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறோம்?

"டிட்ஜெரிடூ ஊதலாமே" என்றார் ஒரு நண்பர். அது வட ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் ஊதும் நீண்ட மரக்குழல். முர்ரே ஆற்றங்கரை மக்களிடம் அதைக் கேட்பது, தஞ்சாவூர்க்காரரை பாங்க்ரா ஆடச் சொல்வது போல.

அமெரிக்காவில் நவஹோ என்ற பூர்வகுடி இனத்து இசையமைப்பாளர் ரேவன் சக்கோன் 2022இல் புலிட்சர் இசைப் பரிசு பெற்றார். அந்தப் படைப்பும் தேவாலயத்தில் ஆர்கனோடு வாசிக்க எழுதிய திருப்பலிதான். ஆனால் அதில் ஒருவரும் பாடுவதில்லை. குரல் பறிக்கப்பட்டவர்களைப் பற்றிய திருப்பலியைப் பாட்டில்லாமல் எழுதினார். இதைக் கடன் வாங்கிய வடிவம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி என் வீட்டு விஷயம். மகள் பள்ளியில் வயலின் வாசிக்கிறாள். என் அம்மா பட்டுக்கோட்டையில் பாடும் தாலாட்டை எடுத்து, இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என நால்வர் வாசிக்கும்படி எழுதினாள். ஐந்தே நிமிடம். பொங்கல் விழாவில் வாசிக்கப் பெயர் கொடுத்தோம். "இது தமிழ் இசை இல்லையே, கீர்த்தனை ஏதாவது வாசிக்கட்டும்" என்று எடுத்துவிட்டார்கள். கர்நாடக இசையை நான் குறை சொல்வதாகச் சண்டைக்கு வராதீர்கள். மார்கழிக் கச்சேரிகளை இன்றும் விடாமல் கேட்கிறவன் நான். ஆனால் அந்தக் கச்சேரியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வயலின் எங்கிருந்து வந்தது? பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடமிருந்து கற்று நம் இசைக்குள் கொண்டுவந்ததுதானே?

என் மகளின் நிலையும் நிலம் பறிபோனவர்களின் நிலையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நாங்கள் விமானத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள், அதுவும் அவர்களுடைய நிலத்துக்கு. ஆனால் "உன் இசை எது என்று நான் சொல்கிறேன்" என்ற பேச்சு இருவர் காதிலும் ஒரே மாதிரிதான் விழுகிறது.

விழா முடிந்த மறுவாரம் நால்வரும் எங்கள் வீட்டில் வாசித்தார்கள். தொலைபேசியில் அம்மாவைக் கேட்க வைத்தோம். கேட்டு முடித்ததும் அம்மா, "நன்றாக இருக்கிறது கண்ணு. ஆனால் ஆராரோவில் கடைசி 'ரோ'வை இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும், பிள்ளை அங்கேதான் கண் மூடும்" என்றார். மகள் பென்சிலை எடுத்து, செல்லோ வாசிப்பவளின் தாளில் அந்த ஸ்வரத்தின் மேல் ஒரு குறி போட்டாள்.