மூத்திரக்குழாய் சுருக்கம்: உள்ளே வெட்டுவதா, திறந்து ஒட்டுவதா?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்து ஆட்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் டாக்டர் இல்லை, யூராலஜி தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர்கள் எதைப் பார்த்து முடிவெடுப்பார்கள் என்று மட்டும் சொல்ல முடியும்.

கள் இறக்க ஏறியபோது வழுக்கி, தோப்புச் சுவரில் கவட்டை அடிபட்டது அண்ணா. இப்போது மூத்திரம் நூல் மாதிரி வருகிறது. ஒரு டாக்டர் லேசர் என்கிறார், இன்னொருவர் ஓப்பன் என்கிறார். யாரை நம்ப?

தம்பி, ஆர்.ஜி.யூ. எடுத்தாயிற்றா? குறியின் நுனி வழியாக மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. சுருக்கம் எங்கே, எத்தனை செ.மீ. என்று அந்தப் படம்தான் சொல்லும், அதைப் பார்க்காமல் யார் எதைச் சொன்னாலும் கணக்கில் எடுக்காதீர்கள். கவட்டையில் அடிபட்டால் பெரும்பாலும் விதைப்பைக்குப் பின்னால் இருக்கும் பகுதியில்தான் தழும்பு விழும். அங்கே 2 செ.மீ.க்குள், முதல் தடவை என்றால் கேமரா விட்டு உள்ளேயே கீறிவிடுவது நியாயமான வழிதான் (கத்தியா லேசரா என்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது, பில்லில் தவிர). ஆனால் அடிபட்டு வந்த தழும்பு குழாயைச் சுற்றிக் கெட்டியாக இருக்கும், கீறினால் திரும்ப மூடிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் இன்னொருவர் ஓப்பன் என்கிறார்: தழும்பை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பது, பத்தில் ஒன்பது பேருக்கு நிற்கும். இரண்டு பேருமே தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் நானாக இருந்தால் இரண்டாமவரிடம் போவேன்.

அப்பாவுக்கு மூன்று தடவை உள்ளே வெட்டியாச்சு, சில மாதத்தில் திரும்பவும் அடைக்கிறது. நான்காவது தடவையும் அதுவே என்கிறார்கள்.

வேண்டாம். ஒவ்வொரு கீறலும் புதுத் தழும்புதான், சில மாதத்திலேயே திரும்பினால் மறுபடி கீறி நிலைப்பது அரிது. யூரித்ரோபிளாஸ்டி, அதாவது திறந்து குழாயைச் சரிசெய்யும் ஆபரேஷன், செய்பவரிடம் காட்டுங்கள். எல்லா யூராலஜிஸ்ட்டும் அதை அடிக்கடி செய்வதில்லை, கேட்டுவிட்டுப் போங்கள். சுருக்கத்தை உள்ளிருந்து விரிக்கும் மருந்து பூசிய பலூன் ஒன்றுக்கு 2021 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஆனால் 3 செ.மீ.க்குள் இருந்தால்தான் அந்தப் பேச்சு. அப்பாவுக்கு இதயம் பலவீனம் என்றால் கதை வேறு: அவரே வாரம் ஒரு முறையோ இரண்டு முறையோ சின்ன ட்யூபை விட்டு எடுத்துப் பாதையைத் திறந்து வைக்கலாம், இல்லாவிட்டால் விதைப்பைக்குக் கீழே வழி வைத்து உட்கார்ந்து போகும்படி செய்துவிடுவார்கள். பெரியவர்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள், ஆனால் செய்துகொண்டவர்கள் பலரும் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரருக்கு நுனியில் வெள்ளைத் தழும்பு, சுருக்கம் உள்ளே நீளமாக ஓடுகிறதாம். கன்னத்திலிருந்து சதை எடுக்கணும் என்கிறார்கள், பயமாக இருக்கிறது.

அது லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம், அம்மா. அப்படியென்றால் அங்கிருக்கும் தோலை எடுத்து ஒட்டக்கூடாது, அதே நோய் ஒட்டிலும் வரும். கன்னத்தின் உள்தோல் ஈரத்தில் இருந்து பழகியது, முடி கிடையாது, அதனால் நன்றாகப் பிடிக்கும். இத்தனை நீளத்தையும் ஒரே ஆபரேஷனில், குழாயை ஒரு பக்கம் மட்டும் பிரித்து ஒட்டும் முறை புனேயின் டாக்டர் சஞ்சய் குல்கர்னி பெயரில் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது, ஆக நம் நாட்டில் இதற்குக் கைதேர்ந்தவர்கள் உண்டு. வாய் சில நாள் எரியும், அவ்வளவுதான். ஒன்று மட்டும்: அவர் குட்கா, ஹான்ஸ் போடுகிறவர் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், வாய் இறுகிப்போயிருந்தால் நாக்கின் அடியிலிருந்து எடுக்கலாமா என்று பார்ப்பார்கள்.

வாளையாறு ரோட்டில் பைக் விபத்து, இடுப்பெலும்பு உடைந்து குழாயும் அறுந்துவிட்டது. வயிற்றில் ட்யூப் போட்டு மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அலட்சியமா?

இல்லை. ரத்தக்கட்டு வடிந்து தழும்பு அடங்கின பிறகுதான் தையல் நிற்கும்.

மாத்திரையில் கரையாதா?

கரையாது. புரோஸ்டேட் மாத்திரை தழும்பை ஒன்றும் செய்யாது. அப்புறம், ஒரேயடியாக அடைத்துக்கொண்டாலோ குளிர்ஜுரம் வந்தாலோ அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போன உடனே 'எனக்கு ஸ்டிரிக்சர் (குழாய்ச் சுருக்கம்) இருக்கிறது, ட்யூபை அழுத்தித் தள்ள வேண்டாம்' என்று டியூட்டியில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.